வழுவழுப்பு வேறு, வெளிச்சம் வேறு

“போட்டோ மாதிரியே கீறியிருக்கிறான்.” யாழ்ப்பாணத்தில் ஒரு படத்துக்குக் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு இதுதான். பாடசாலைக் கண்காட்சியில் பெற்றோர் சொல்வதும் இது. போட்டி முடிவில் நடுவர் சொல்வதும் இது. கைத்தொலைபேசியில் படத்தைப் பகிர்கிறவர் மேலே எழுதுவதும் இது. இந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. அந்தக் கொள்கை பிழை என்றும், வரையக் கற்கும் பிள்ளைகளின் கண்ணை அது கெடுக்கிறது என்றும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கொள்கையை முதலில் அதன் பலத்தோடு வைத்துவிடுகிறேன். மெய்போல வரைவதென்றால் ஒரு பொருளில் இருண்ட இடம் எது, வெளிச்சமான இடம் எது என்பதை இருந்தபடியே தாளில் இறக்குவது. அதற்குப் புகைப்படமே நல்ல வழிகாட்டி. அது அசையாது, களைக்காது, அதில் வெளிச்சம் மாறாது. கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்து, 2பி, 4பி, 6பி என்று பென்சிலை மாற்றித் தீட்டி, கோடு தெரியாதபடி தேய்த்து வழுவழுப்பாக்கினால் ஒளிநிழல் தானாக வந்துவிடும். பொறுமையுள்ள எவரும் கற்கலாம். பார்ப்பவருக்கும் கலைப் படிப்பு தேவையில்லை. மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்து அவரே தீர்ப்புச் சொல்லலாம்.

இதில் நியாயம் உண்டு. நவீன ஓவியத்தின் பெயரால் சாதாரண சனத்தைப் பல காலம் வாசலில் நிறுத்தி வைத்தவர்களுக்கு எதிரான ஒரு குரலும் இதற்குள் கேட்கிறது. ஒரு பிள்ளை செத்துப்போன தன் அப்பப்பாவின் முகத்தைக் கீறிக் கொண்டுவந்து கொடுக்க வீடே அழுகிறதென்றால் அந்தக் கண்ணீரை நான் குறைத்துப் பேச மாட்டேன். நாட்கணக்கில் குனிந்திருந்து உழைத்த முதுகையும் மதிக்கிறேன். அந்த உழைப்பு எங்கே கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது என்பதில்தான் என் மறுப்பு.

1. தாளில் வெயிலை வைக்க முடியாது

“இருந்தபடியே” என்ற சொல்லிலேயே வாதம் முறிந்துவிடுகிறது. உச்சி வெயிலில் முற்றத்து மணலில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ். அதே வீட்டில் விறாந்தையைத் தாண்டிப் போனால், உள்ளறை மூலையில் நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். வெளியேயிருந்து உள்ளே வந்தவருடைய கண் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு இரண்டையும் சமாளித்துக்கொள்ளும். பென்சிலால் அது முடியாது. வெறுந்தாளின் வெண்மைக்கும், 8பி பென்சிலை அழுத்தித் தீட்டிய கறுப்புக்கும் இடையே சில பத்து மடங்குக்கு மேல் இடைவெளி கிடையாது. பென்சில் கரி மினுங்குவதால் அதிலும் கொஞ்சம் போய்விடும்.

ஆகவே ஆயிரத்தைச் சில பத்துக்குள் அடக்க வேண்டும். அடக்குவதென்றால் எதையோ விட்டுக்கொடுப்பது. உள்ளறை இருட்டில் அலுமாரி வேறு, சுவர் வேறு என்று பிரித்துக் காட்டி, முற்றத்தை வெறும் வெள்ளையாக விடலாம். அல்லது மணலில் கோழி கிளறிய தடத்தைக் காட்டி, உள்ளறையை ஒரே கறுப்பாக மூடலாம். இரண்டுமே மெய்தான். இரண்டையும் முழுதாக ஒரே தாளில் வைக்க இடமில்லை. மெய்போல வரைகிற ஒவ்வொருவரும் முதற்கோடு விழுவதற்கு முன்னமே இந்தத் தெரிவைச் செய்தாக வேண்டும். தெரிவு செய்யாமல் நகலெடுத்துவிட்டேன் என்கிறவருக்கு வேறு யாரோ அந்தத் தெரிவைச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

தாளில் இறக்கக்கூடியது உறவு ஒன்றுதான்: எது எதைவிட இருண்டது, எவ்வளவு இருண்டது. அந்த உறவைக் காண்பதில் கண் நம்மை எவ்வளவு எளிதாக ஏமாற்றுகிறது என்பதற்கு பார்வை ஆய்வாளர் எட்வர்ட் அடெல்சன் 1995 இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படம் பேர்போன சான்று. உருளையொன்றின் நிழலுக்குள் கிடக்கும் “வெள்ளை”க் கட்டமும் வெளிச்சத்தில் கிடக்கும் “கறுப்பு”க் கட்டமும் அதில் ஒரே சாம்பல் நிறம். அளந்து காட்டினாலும் மனம் நம்ப மறுக்கும். வேப்பமரத்தின் கீழ் நிற்பவரின் வெள்ளை வேட்டி, வெயிலில் நிற்பவரின் கறுத்த முதுகைவிடத் தாளில் இருண்டு வரவேண்டியிருக்கலாம். வேட்டி வெள்ளை என்று தெரிந்திருப்பதால் பிள்ளை அதை வெள்ளையாகவே விடுகிறது. மரநிழல் படத்திலிருந்து மறைந்துபோகிறது. இந்த இருட்டு வெளிச்ச அளவைத்தான் தொனி என்கிறோம். தொனி பயில்வதென்றால் தெரிந்ததை ஒதுக்கிவைத்துத் தெரிவதைப் பார்க்கப் பழகுவது. வருடக்கணக்கில் கட்டம் கட்டமாகப் பெயர்த்தாலும் இந்தப் பழக்கம் வராது. கட்டம் போடுவதே பார்க்க வேண்டிய தேவையை நீக்கத்தான்.

2. கண்மணிக்குள் ஒரு வளையம்

அண்மையில் ஒரு கண்காட்சியில் நிறையப் பேர் கூடி நின்ற படத்தைப் பார்த்தேன். சுருக்கம் விழுந்த ஒரு கிழவியின் முகம். ஒவ்வொரு சுருக்கமும், புருவத்தில் ஒவ்வொரு மயிரும் எண்ணக்கூடியபடி இருந்தன. “எங்கட ஊர் ஆச்சி” என்று தலைப்பு. கிட்டப்போய்ப் பார்த்தால் இரண்டு கண்மணியிலும் வெள்ளையாய் ஒரு வட்ட வளையம். புகைப்படக்காரர் முகத்துக்கு முன் நிறுத்தும் வளைய விளக்கின் பிரதிபலிப்பு அது. எங்கள் ஊர் ஆச்சி ஒருத்தியும் தன் திண்ணையில் அப்படியொரு விளக்குக்கு முன்னால் இருந்ததில்லை. எந்த நாட்டிலோ எந்தக் கூடத்திலோ எடுத்த படத்தைப் பெயர்த்த பிள்ளை, அந்தக் கூடத்தின் விளக்கையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டது. பெயர்க்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வளையத்தை எடுத்துவிட்டுச் சதுரமான வாசலொன்றைக் கண்மணிக்குள் வைத்திருக்கும்.

புகைப்படம் வெளிச்சத்தின் சாட்சி என்று நினைக்கிறோம். அது கமராவின் தீர்ப்பு. எதை வெளுக்க விடுவது, எதைக் கருக விடுவது என்று கருவி தீர்மானித்துவிட்டது. கைத்தொலைபேசி இன்னும் ஒருபடி மேலே போய், பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களை ஒன்றாகக் கலந்து, இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை இறக்கி, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாகத் தருகிறது. முகத்துக்குக் கிட்டப் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்துப் போகிறது. இவ்வளவையும் அப்படியே ஒப்புக்கொண்டு, ஒரு பென்சிலால் பல நாளிருந்து உறுதிப்படுத்துகிறோம். அந்தத் தொலைபேசியே இன்று ஒரு படத்தைச் சில நொடியில் “பென்சில் சித்திரமாக” மாற்றித் தருகிறது. புகைப்படத்தை ஒத்திருப்பதுதான் அளவுகோல் என்றால் 1839 இல் தாகெர் தன் புகைப்பட முறையை வெளியிட்டபோதே பந்தயம் முடிந்துவிட்டது.

புகைப்படத்தைத் துணைக்கு வைத்துக்கொண்ட பெரிய ஓவியர்கள் உண்டு; டெகா ஓர் உதாரணம். அவர் பல்லாண்டு நேரில் பார்த்து வரைந்து பழகியவர். படம் எங்கே பொய் சொல்கிறதென்று கண்டுபிடிக்கும் கண் அவரிடம் முன்னமே இருந்தது.

3. வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருகிறதென்று யார் சொன்னது?

பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தால் முட்டை, கூம்பு, உருளை, பெட்டி. தாளின் இடது மேல் மூலையில் ஒரு சின்னச் சூரியன். அதிலிருந்து சாய்வாக ஓர் அம்புக்குறி. பந்தின் வலது கீழ்ப்பக்கம் இருட்டு, அதற்கப்பால் நீள்வட்டமாய் விழுநிழல். முட்டையிலும் கூம்பிலும் எனக்குக் குறையில்லை. எந்த உருவத்தையும் அவற்றுக்குள் அடக்கலாம். குறை அந்த அம்புக்குறியில்.

அது வட ஐரோப்பிய ஓவியக்கூடத்து யன்னலின் வெளிச்சம். வலக்கைக்காரர் தன் கையின் நிழல் தாளில் விழாமலிருக்க யன்னலை இடப்பக்கம் வைத்துக்கொண்டார். வெயில் நேரே புகாமல் வேலை நேரம் முழுக்க ஒரே சீராக இருக்கட்டும் என்று வடக்குப் பார்த்த யன்னலைத் தெரிந்தெடுத்தார். அவருடைய நாட்டில் அது புத்தியான ஏற்பாடு. யாழ்ப்பாணம் இருப்பதோ வடக்கு அகலாங்கு 9 பாகை 40 கலையில். ஏப்ரல் நடுவில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, நடுப்பகற் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. நிமிர்த்தி நட்ட தடிக்கு நிழலே இல்லை. ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் அப்படி. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நாலரை மாதமும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. மார்கழியில் எல்லாம் மாறி, நிழல் வடக்கே நீளுகிறது. புத்தகத்து அம்புக்குறி இந்த மண்ணில் நாளில் சில நாழிகைக்குத்தான் உண்மை.

வெறும் வானியல் இது என்று தள்ளிவிட முடியாது. பதினொன்றரை மணிக்குச் சந்தை வாசலில் நிற்கும் ஒருவரைப் பாருங்கள். நெற்றி, மூக்குத்தண்டு, கீழுதடு, இரண்டு தோள்மூட்டு: இவை வெயிலில் எரிகின்றன. கண்குழிகள் இரண்டும் இருட்டு. கண் எங்கே இருக்கிறதென்று தேடித்தான் காண வேண்டும். மூக்கின் நிழல் கன்னத்தில் சாயாமல் நேரே மேலுதட்டில் இறங்குகிறது. புத்தகப்படி தாடையின் அடி கன்னங்கறுப்பாக இருக்க வேண்டும். இல்லை. காலடி மணலும் சீமெந்து நிலமும் சுண்ணாம்படித்த மதிலும் வெளிச்சத்தை வாங்கி மேலே எறிகின்றன. தாடையின் அடி, மூக்கின் அடி, புருவத்து எலும்பின் அடி எல்லாம் கீழிருந்து வந்த வெளிச்சத்தில் ஒளிர்கின்றன. மணற்காட்டுப் பக்கம் அந்த ஒளி வெளிறிய வெண்மை. இணுவில், கோண்டாவில் தோட்டவெளியில் செம்மண்ணின் சிவப்பு. கழுத்தில் ஆக இருண்ட இடம் தாடையை ஒட்டியிருக்கவில்லை. அதிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி ஒரு பட்டையாகக் கிடக்கிறது. அந்தப் பட்டையைச் சரியான இடத்தில் வைத்தால் முகத்தில் வேறெதுவும் கீறாமலே அது யாழ்ப்பாணத்து மத்தியானம். தாடையை ஒட்டிக் கறுப்பை அப்பினால் அது எந்த ஊருமில்லை.

எங்கள் வெளிச்சத்தின் மிகப்பெரிய குணமே இந்த எதிரொளி. தட்டையான நிலம், வெளிறிய மண், எல்லாப் பக்கமும் கிட்டத்தில் கடல். இங்கே நிழல் வெறும் கறுப்பாக இருப்பதில்லை. நிழலுக்குள்ளும் வெளிச்சம் இருக்கிறது. இதை எந்த அம்புக்குறியும் சொல்லித்தராது. வெளியே போய் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

4. தேய்க்கத் தேய்க்க மெய் போய்விடும்

வழுவழுப்புக்கு வருகிறேன். விரலாலும் பஞ்சாலும் தாள் சுருளாலும் தேய்த்து, கோட்டை அழித்து, ஒரு தொனி அடுத்ததில் கரைந்துபோகச் செய்வதைத்தான் “ஷேடிங்” என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறோம். உருண்ட கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் இடம் அப்படிக் கரைவது உண்மை. ஆனால் ஒரு முகத்தில் எல்லா விளிம்பும் அப்படி இல்லை. உருவம் வளைவதால் வரும் நிழல் மெல்லக் கரையும். ஒரு பொருள் இன்னொன்றின் மேல் எறியும் நிழல் வெட்டென முடியும். மூக்கின் பக்கவாட்டு மென்மையாகத் திரும்புகிறது. அதே மூக்கு உதட்டில் எறிந்த நிழலுக்குக் கத்தி விளிம்பு. இரண்டையும் ஒரே பஞ்சால் தேய்த்தால் மூக்கு முகத்தைவிட்டு எழும்பாது. மெழுகில் செய்த முகமாகிவிடும்.

எறிநிழலின் விளிம்பும் எங்கும் ஒரேமாதிரி இல்லை. இதைப் பார்க்க எங்கும் போக வேண்டாம்; ஒரு பனையின் கீழ் நின்றால் போதும். அடிமரத்தின் நிழல், மரம் நிலத்தைத் தொடும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் கூராக இருக்கிறது. அதைப் பின்பற்றி வட்டின் நிழல்வரை நடந்து போங்கள். ஓலையின் நிழல் விளிம்பு மங்கிக் கலங்கி இருக்கும். காரணம் எளிது. வானத்தில் சூரியன் ஒரு புள்ளியாக இல்லை. அரைப் பாகை அகலமுள்ள தட்டு. நிழலை எறியும் பொருள் ஒரு மீற்றர் தள்ளியிருந்தால் விளிம்பு ஒரு சென்ரிமீற்றரளவு கலங்கும். இருபது மீற்றர் உயரத்து ஓலைக்கு அது ஏறத்தாழ ஒரு சாண். கீழே கூர்மை, மேலே கலக்கம்: இந்த ஒரு வேறுபாட்டைத் தாளில் வைத்தால் பார்ப்பவருக்கு மரத்தின் உயரம் தெரிகிறது, மரத்தையே கீறாவிட்டாலும்கூட. எல்லா விளிம்பையும் ஒரே பதத்தில் தேய்த்தவர் அந்த இருபது மீற்றரையும் துடைத்தெறிந்துவிட்டார்.

நுணுக்கம் கூடினால் மெய் கூடும் என்ற எண்ணத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் சூரா 1880களில் சொரசொரப்பான தாளில் கொன்ரே கரியால் வரைந்த சித்திரங்கள் பலவற்றில் கண்ணுமில்லை, மயிருமில்லை, வெளிக்கோடும் இல்லை. பல முகங்கள் வெறும் சாம்பல் திட்டு. ஆனாலும் விளக்கொளியில் ஒருத்தி குனிந்திருக்கிறாள் என்பதை மறுக்கவே முடியாது. மயிரை எண்ணிக் கீறிய படத்தில் வராத மனுசி, மயிரே இல்லாத படத்தில் வந்து உட்காருகிறாள். அங்கே ஒவ்வொரு தொனியும் பக்கத்துத் தொனியோடு சரியான உறவில் நிற்கிறது. வேறு இரகசியம் எதுவுமில்லை.

5. வெறுந்தாள் யாருடைய தோல்?

இதை நான் மற்றெல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பென்சில் முகங்களைச் சுவர் நிறையத் தொங்கவிட்ட மண்டபமொன்றில் நடந்து பாருங்கள். ஒருவரும் கறுப்பில்லை. கறுத்த மீனவரும் கறுத்த தோட்டக்காரியும் கறுத்த அம்மம்மாவும் தாளில் வெளுத்துப்போயிருக்கிறார்கள். “வெளிச்சம் என்றால் தாளை விடு, நிழல் என்றால் கறு” என்று பழக்கியதன் விளைவு இது. தாளின் வெள்ளையே தோலாகிவிடுகிறது. கறுப்பு நிழலுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. கொஞ்சம் கூடத் தீட்டினால் “ஏன் இப்படிக் கறுப்பாக்கிவிட்டாய்” என்று வீட்டார் மனம் வருந்துகிறார்கள். பிள்ளை அழிறப்பரை எடுக்கிறது.

கறுத்த தோலில் வெளிச்சம் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. வெளிர்ந்த தோலில் உருவத்தைக் காட்டுவது பெரும்பாலும் நிழல். கறுத்த தோலில் பரவி வரும் ஒளி குறைவாக இருப்பதால், மேற்பரப்பின் மினுக்கம் அதன் பக்கத்தில் பளிச்சென்று எழும்பி நிற்கிறது. நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்கு நுனி, வியர்வை படிந்த தோள்: இந்த மினுக்கங்கள்தாம் அங்கே உருவத்தைச் செதுக்குகின்றன. அப்படியானால் முறையையே மாற்ற வேண்டும். முகம் முழுவதையும் முதலில் ஒரு நடுத்தர இருட்டுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து மினுக்கத்தை எடுக்க வேண்டும். கரியைப் பூசிப் பிசையும் அழிறப்பரால் எடுக்கலாம். சாம்பல் அல்லது மண்ணிறத் தாளில் வெள்ளைச் சோக்கால் ஏற்றலாம். வெண்சாந்துத் தலைகளையும் வெளிநாட்டு முகங்களின் படங்களையும் பார்த்துப் பழகிய கைக்கு இது வராது.

2021 இல் கொரோனாவில் நாங்கள் இழந்த கும்பகோணத்து ஓவியர் இளையராஜாவைப் பலரும் “போட்டோ போல வரைந்தவர்” என்றே நினைவுகூர்கிறார்கள். அது அவரைக் குறைத்துச் சொல்வது. அவருடைய பெண்கள் கறுப்பாகவே இருக்கிறார்கள். ஒரு கதவு, ஒரு யன்னல், அதன் வழியே சாய்வாக வரும் வெளிச்சம், சுற்றிப் பெரிய இருட்டு. அந்த இருட்டை அவர் பயப்படாமல் வைத்தார். அதனால்தான் கன்னத்திலும் கழுத்திலும் விழுந்த ஒளி அவ்வளவு விலையுள்ளதாகத் தெரிகிறது. படத்தின் பெரும்பகுதியை இருட்டில் விட அவருக்கிருந்த துணிவு, தேய்ப்பு வகுப்பில் பயின்ற எவருக்கும் பழக்கப்படவில்லை.

6. கடவுளின் கன்னமும் அப்பப்பாவின் கன்னமும்

வழுவழுப்பு எங்கள் மரபு என்றும் ஒரு வாதம் உண்டு. எங்கள் சாமியறைச் சுவர்களில் தொங்குபவை அதற்குச் சாட்சி. இரவி வர்மா 1894 இல் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த படங்களும், கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சாகிக் கடல்கடந்து வந்த கலண்டர் படங்களும் எங்கள் கண்ணை வளர்த்தவை. அவற்றை நான் இகழவில்லை. கொண்டையராஜுவின் முருகன் கன்னத்தில் ஒளி ஒரு பக்கத்திலிருந்து வருவதில்லை, உள்ளிருந்து வருகிறது. மூக்கு உதட்டில் நிழல் எறிவதில்லை. மகாபாரதத்து நளன் கதையில் தமயந்தி சுயம்வர மண்டபத்தில் தேவர்களை எப்படி அடையாளம் காண்கிறாள்? அவர்களுக்கு நிழல் இல்லை, நளனுக்கு இருக்கிறது. கடவுளை எறிநிழல் இல்லாமல் வரைவது அந்த ஓவியத்தின் இலக்கணம். அந்த இலக்கணத்தை எடுத்து அப்பப்பாவின் முகத்தில் பூசுவதுதான் பிழை. மண்ணில் நின்ற மனிதருக்கு நிழல் உண்டு.

மரபை இன்னும் பின்னே தள்ளிப் பார்த்தாலும் தேய்ப்புக்கு ஆதாரம் கிடைக்காது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி நிழல்காட்டலை வர்த்தனை என்று சொல்லி மூன்று வகையாகப் பிரிக்கிறது: இலை நரம்பு போன்ற கோடுகளால் ஒன்று, மிக நுண்ணிய தடவலால் ஒன்று, புள்ளிகளால் ஒன்று. மூன்றில் ஒன்றுதான் தடவல். கோட்டாலும் புள்ளியாலும் மேடு பள்ளம் காட்டலாம் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. ஒளிநிழல் முழுக்க மேற்கின் சரக்கு என்கிற எதிர்வாதமும் இதோடு சேர்ந்தே விழுகிறது.

7. எதிர் முகாமும் இதையேதான் நம்புகிறது

1938 இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகமொன்றைத் தொடங்கி அதற்கு வின்சர் பெயரைச் சூட்டினார். இலங்கைச் சித்திரக் கல்வியின் பொறுப்பில் இருந்த சார்ல்ஸ் ஃப்ரீகுரோவ் வின்சர், நவீன ஓவியத்தை இந்தத் தீவில் ஆதரித்து வளர்த்தவர். பிறகு அந்த நவீன வழியில் குருநகர் அ. மாற்கு (1933–2000) வந்தார்; விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் வழியே ஒரு தலைமுறையையே உருவாக்கினார். இன்னொரு பக்கத்தில் அச்சுவேலி ஆசை இராசையா (1946–2020) உருவப்படத்திலும் நிலக்காட்சியிலும் யதார்த்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். நாட்டின் தபால்தலைகளுக்கும் வரைந்தார். இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் சிந்தனை, மற்றவர் கைத்திறன் என்று பேசுவது எங்கள் இலக்கிய வட்டத்தின் பழக்கம். யதார்த்தம் என்றால் வெறும் கைத்திறன் என்பதை இந்தப் பேச்சும் ஒப்புக்கொண்டுவிடுகிறது. நகலெடுப்பைப் புகழ்கிறவரும் யதார்த்தத்தை இகழ்கிறவரும் ஒரே அத்திவாரத்தில் வீடு கட்டுகிறார்கள்.

மெய் என்பது புகைப்பட ஒப்புமையில் இல்லை என்பதற்கு இங்கேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. ஓவியர் தா. சனாதனனின் ‘முடிவுறாத் தோம்பு’ நூல் 2011 இல் வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்கள். வரையத் தெரியாத கைகளின் கோடுகள். ஒளியுமில்லை, தொனியுமில்லை. ஒரு வீட்டைப் பற்றி அவற்றைவிட உண்மையான படத்தை நான் பார்த்ததில்லை. கோடு அங்கே அளவையும் இழப்பையும் சொல்லப் போதும். அந்த வீட்டில் மாலை நாலு மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழுந்தது என்று சொல்லத்தான் தொனி வேண்டும். கருவி, சொல்லவேண்டியதைப் பொறுத்தது.

8. அடையாள அட்டையில் முகம் இல்லை

இத்தனையும் வெறும் ரசனைத் தகராறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விளைவைக் காட்டுகிறேன். போரினால் 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு அல்பங்கள் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ இடப்பெயர்வு. இறந்தவருக்கும் காணாமற்போனவருக்கும் பல வீடுகளில் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒற்றைப் படம். அதைக் கொண்டுவந்து “பெரிசாய்க் கீறித் தாருங்கோ” என்று கேட்கிறார்கள். அந்தப் படத்தில் வெளிச்சம் நேர் எதிரே இருந்து அடித்திருக்கிறது. எதிரொளி, எறிநிழல், கண்குழி எல்லாவற்றையும் அது கொன்றுவிட்டது. முகம் ஒரு தட்டு. நகலெடுப்பவர் அந்தத் தட்டைப் பெருப்பிக்கிறார். தட்டையாகத் தெரிகிறதே என்று கன்னத்தின் இரு பக்கமும் கொஞ்சம் இருட்டைத் தேய்க்கிறார். எந்த வெளிச்சத்துக்கும் சேராத இருட்டு. வீட்டார் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான், ஆனால் அவர் மாதிரி இல்லை” என்கிறார்கள். எங்கே பிழையென்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை, கீறியவருக்கும் தெரியவில்லை.

ஒளிநிழல் கற்ற ஒருவருக்கு இங்கே வேறு வழி உண்டு. இறந்தவரின் தம்பியையோ மகளையோ விறாந்தை யன்னலடியில் இருத்திப் பார்க்கலாம். அதே கன்ன எலும்பு, அதே நெற்றிச் சரிவு அவர்களிடம் இருக்கும். அதில் வெளிச்சம் எங்கே திரும்புகிறது என்று குறித்துக்கொண்டு, அட்டைப் படத்தின் அளவுகளை அந்த வெளிச்சத்துக்குள் கொண்டுவரலாம். அவர் வழக்கமாக எங்கே இருந்து பேப்பர் படிப்பார் என்று கேட்கலாம். இந்த வேலையைப் புகைப்பட நகலெடுப்பில் ஊறிய கையால் செய்ய முடியாது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லித்தான் நகலெடுப்பைக் காக்கிறார்கள். அந்த மரியாதையையே அது செய்ய விடுவதில்லை.

கடைசியாக ஒரு பதில் வரும்: பிள்ளைகளுக்கு நேரமில்லை, மொடலுக்கு ஆளில்லை, புகைப்படம்தான் கைக்கெட்டுகிறது. ஒரு மண்பானை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதை முற்றத்தில் ஒரே இடத்தில் வைத்துக் காலை ஏழு மணிக்கு ஒரு முறை, நடுப்பகலில் ஒரு முறை, பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் கரியால் கீறட்டும். தேய்க்கக் கூடாது, வெள்ளை, நடுத்தரம், கறுப்பு என்று மூன்று தொனிக்கு மேல் பாவிக்கக் கூடாது. ஒரு முகத்தைப் பல நாள் பெயர்ப்பதற்கு ஆகும் நேரத்தில் பத்திலொரு பங்குகூட இதற்கு ஆகாது. போட்டி நடத்துகிறவர்களும் புகைப்படத்திலிருந்து கீறிய படங்களை ஏற்பதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைக் கோட்டை மதிலடியிலோ சந்தை முகப்பிலோ இரண்டு மணித்தியாலம் இருத்தலாம். நடுவர் ஒவ்வொருவரிடமும் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எதை விட்டுக்கொடுத்தாய் என்று கேட்டு, அந்தப் பதிலுக்கும் புள்ளி போடலாம். ஏற்பாட்டாளருக்கு இதனால் கூடுகிற செலவு பிள்ளைகள் இருக்கப் பாயும் குடிக்கத் தண்ணீரும்தான்.